பாட்டு ஓடுகிறது, சத்தம் வரவில்லை: மினிமல் லினக்ஸில் ஃப்ளாட்பேக் செயலிகளின் ஒலிச் சிக்கல்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாமென்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய லேப்டாப், அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து இப்போது தம்பி கைக்கு வந்திருக்கும் அரசு லேப்டாப் போன்றவற்றில் பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, தூக்கிப் போட மனம் வருவதில்லை. அதனால் லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். 2 ஜிபி, 4 ஜிபி ராமுக்கு முழு டெஸ்க்டாப் பாரம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல, டெபியன், ஆர்ச், வாய்ட், ஆல்பைன் ஆகிய லினக்ஸ் வகைகளில் ஒன்றை எடுத்து அடிப்படை மட்டும் நிறுவுகிறார்கள். அதன்மேல், செயலிகளைத் திரையில் அடுக்கிக் காட்ட மட்டும் ஒரு சின்ன விண்டோ மேனேஜர். செயலிகளை, எந்த லினக்ஸிலும் ஓடும்படி தொகுத்துத் தரும் ஃப்ளாட்பேக் வழியாக இறக்கிக்கொள்கிறார்கள்.

எல்லாம் ஓடுகிறது. சத்தம் மட்டும் வருவதில்லை.

செல்லூரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ படிக்கும் பெண், பதிவு செய்து வைத்திருந்த இயற்பியல் வகுப்பை வீடியோ பிளேயரில் திறக்கிறாள். படம் ஓடுகிறது, கீழே நேரக்கோடு நகர்கிறது, ஒலி அளவு நூறு சதவீதத்தில் நிற்கிறது. ஆசிரியரின் வாய் அசைகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று டெர்மினலில் சோதனை ஒலி விட்டுப் பார்த்தால், ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை தெளிவாக வருகிறது. ஆக ஸ்பீக்கரில் பழுதில்லை. அதே செயலி பக்கத்து வீட்டு உபுண்டுவில் நன்றாகப் பாடுகிறது, செயலியிலும் பழுதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. முழு டெஸ்க்டாப் நிறுவியிருந்தால் அதுவே கோத்திருக்கும் கண்ணி அது. மினிமல் அமைப்பில் அதை நாம்தான் கோக்க வேண்டும்.

(கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.)

ஒலி போகும் பாதை

பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் மைக்செட் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வேப்பமரத்தில் குழாய் கட்டியிருக்கும். குழாயின் ஒயர் ஆம்ப்ளிஃபயருக்கு வரும். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் மிக்சர். கோயில் வாசலில் பூசாரிக்கு ஒரு மைக், வரி வாங்கும் இடத்தில் ஒரு மைக், நாடக மேடையில் மூன்று நான்கு மைக். எல்லா ஒயரும் மிக்சருக்குத்தான் போகும். மைக்செட்காரர் அங்கே உட்கார்ந்து எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று பார்த்துக்கொள்வார். யாராவது அவசரப்பட்டு மேடை மைக்கை நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகிவிட்டால் மேடைச் சத்தம் மட்டும் கேட்கும். பூசாரி எவ்வளவு கத்தினாலும் ஊருக்குப் போய்ச் சேராது.

லினக்ஸில் ஒலி போவதும் இதே அடுக்கில்தான்.

1. ஆல்சா. இது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கிறது. ஒலி சிப்பை நேரடியாக இயக்குவது இதுதான். 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னல் முதல் லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பாக இருக்கிறது. ‘டெவ்’ கோப்புறைக்குள் ‘எஸ்என்டி’ என்ற உட்கோப்புறையில் ஒலி அட்டைகள் கோப்புகளாகத் தெரியும். குழாயும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பல செயலிகளின் ஒலியைக் கலக்க ஆல்சாவிலேயே ஒரு வசதி உண்டு. ஆனால் ஒரு செயலி அதைத் தாண்டிச் சாதனத்தை நேராகப் பிடித்துக்கொண்டால், பொதுவாக மற்றவற்றுக்கு வழி கிடையாது.

2. ஒலி சர்வர். இதுதான் மிக்சர். நெடுங்காலம் இந்த இடத்தில் இருந்தது பல்ஸ்ஆடியோ. லெனார்ட் போட்டரிங் 2004-இல் தொடங்கியது. இப்போது அந்த இடத்துக்கு பைப்வயர் வந்துவிட்டது. ரெட் ஹேட் நிறுவனத்தின் விம் டேமன்ஸ் முதலில் வீடியோவுக்காகத் தொடங்கிய திட்டம் அது. ஒலி பிற்பாடு சேர்ந்தது. 2021-இல் ஃபெடோரா 34 இதையே இயல்பு ஒலி சர்வராக எடுத்துக்கொண்டது. 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வெளியானது.

3. வயர்ப்ளம்பர். பைப்வயர் தானாக எந்த ஒயரையும் எங்கேயும் சொருகாது. எந்த ஒலி அட்டைகள் இருக்கின்றன, எந்தச் செயலியின் ஒலி எந்த அட்டைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மைக்செட்காரர் அது. இது ஓடாவிட்டால் மிக்சரில் லைட் எரியும், ஒரு சத்தமும் வராது.

4. பல்ஸ் பாலம். பெரும்பாலான செயலிகள் இன்னும் பல்ஸ்ஆடியோவின் மொழியில்தான் பேசுகின்றன. பழைய முகவரியிலேயே உட்கார்ந்து, அந்த மொழியைக் கேட்டு, பைப்வயருக்குள் அனுப்பும் தனி நிரல் ‘பைப்வயர்-பல்ஸ்’. டெபியன், ஆர்ச், ஆல்பைன் மூன்றிலும் இது தனித் தொகுப்பு. ‘பைப்வயர் போட்டாச்சே’ என்று நினைப்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த நாலாவது கண்ணி ஃப்ளாட்பேக் பயன்படுத்துபவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரிய, சாண்ட்பாக்ஸுக்குள் போக வேண்டும்.

சாண்ட்பாக்ஸ்: மூடிய அறை, எண்ணி வைத்த சன்னல்கள்

வழக்கமாக நிறுவும் செயலிக்கு, உங்கள் பெயரில் ஓடும் காரணத்தாலேயே, உங்கள் கோப்புகள் எல்லாம் தெரியும். ஃப்ளாட்பேக் அப்படி விடுவதில்லை. அலெக்சாண்டர் லார்சன் உருவாக்கிய இந்த அமைப்பு 2016-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. ‘பபிள்ராப்’ என்ற சிறு கருவியைக் கொண்டு, நிரல்களைப் பிரித்து வைக்கும் கர்னலின் நேம்ஸ்பேஸ் வசதியால் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனி அறை கட்டுகிறது. அந்த அறைக்குள் செயலி காணும் கோப்பு அமைப்பு வேறு, நூலகங்கள் வேறு. எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான சி நூலகத்தைக்கூட அதுவே கொண்டுவருவதால்தான், வேறு வகை சி நூலகத்தில் ஓடும் ஆல்பைனிலும் அதே செயலி ஓடுகிறது. (அதற்கான விலை வட்டில் தெரியும். முதல் செயலி இறங்கும்போதே அடித்தளத் தொகுப்புக்காகச் சில நூறு எம்பி போகும்.)

வெளியே இருக்கும் எதையும் செயலி தொட வேண்டுமென்றால் அதற்கென்று அனுமதி எழுதியிருக்க வேண்டும். ஒலிக்கான அனுமதியின் பெயர் ‘சாக்கெட்: பல்ஸ்ஆடியோ’. உங்கள் கணினியில் ஓடுவது பைப்வயராக இருந்தாலும் அனுமதியின் பெயர் இதுதான். சாக்கெட் என்றால் இரண்டு நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு கோப்பு வடிவ இணைப்பு. அறைச் சன்னல் வழியாக மிக்சருக்கு இழுத்த ஒயர் என்று எண்ணிக்கொள்ளலாம்.

செயலியைத் தொடங்கும் அந்த நொடியில் ஃப்ளாட்பேக் செய்வது இது:

1. நீங்கள் உள்நுழைந்திருக்கும்வரை தற்காலிகக் கோப்புகள் இருக்கும் ரன்டைம் கோப்புறைக்குள், அதாவது வழக்கமாக /ரன்/யூசர்/1000 என்ற இடத்தில், பல்ஸ் சாக்கெட் இருக்கிறதா என்று பார்க்கிறது. 1000 என்பது உங்கள் பயனர் எண்.

2. இருந்தால் அதை அறைக்குள் /ரன்/ஃப்ளாட்பேக்/பல்ஸ் என்ற வேறு முகவரியில் பொருத்துகிறது. ‘ஒலி சர்வர் இங்கே இருக்கிறது’ என்று ஒரு சூழல் மாறி (நிரல்கள் தொடங்கும்போது படிக்கும் குறிப்பு) வழியாகச் செயலிக்குச் சொல்கிறது. நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழியை மட்டும் அடைத்துவிடுகிறது.

3. இல்லாவிட்டால் சாக்கெட்டைப் பொருத்தாமலே செயலியைத் தொடங்கிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது.

மூன்றாவதுதான் செல்லூர் வீட்டில் நடந்தது. இந்த மௌனம்தான் மனிதர்களை இரவெல்லாம் அலைய விடுகிறது. ஒலி இல்லாத ஒரு கணினியில் தொடங்கினால் செயலி அப்படியே தொடங்கட்டும் என்று நினைத்து வைத்த வழி அது, நியாயம்தான். ஆனால் ‘ஒலி சர்வர் கிடைக்கவில்லை’ என்று ஒரே ஒரு வரி காட்டியிருந்தால் எத்தனையோ பேருக்கு வேலை மிச்சம்.

இன்னொரு விவரமும் உண்டு. ஃப்ளாட்பேக் 1.8 முதல், இதே அனுமதி ஆல்சா சாதனங்களையும் அறைக்குள் காட்டுகிறது. ‘அப்படியானால் சர்வரே வேண்டாமே, நேராக ஆல்சாவுக்குப் போகலாமே’ என்று கேட்கலாம். போகக்கூடிய செயலிகள் உண்டு. ஆனால் அது மேடை மைக்கை ஆம்ப்ளிஃபயரில் சொருகும் வேலை. ஒரு செயலிக்குச் சத்தம் வரும், அடுத்ததைத் திறந்தால் அது வாயடைத்து நிற்கும்.

மினிமலில் எது விட்டுப்போகிறது

முழு டெஸ்க்டாப் நிறுவும்போது, நாம் உள்நுழைந்த கணத்தில் நாலைந்து வேலைகள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றன. ராம் மிச்சம் பிடிக்க டெஸ்க்டாப்பைக் கழற்றியபோது அந்த வேலையாட்களும் சேர்ந்து போய்விட்டார்கள்.

1. ரன்டைம் கோப்புறை. மேலே சொன்ன /ரன்/யூசர்/1000 தானாக முளைப்பதில்லை. சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி உள்ள டெபியன், ஆர்ச் போன்றவற்றில் உள்நுழைவைக் கவனிக்கும் ‘லாகின்டி’ அதை உருவாக்குகிறது. ஆல்பைன், வாய்ட் போன்றவற்றில் ‘இலாகின்டி’ போட்டிருந்தால் அது செய்யும். திரை, கீபோர்டு அனுமதியை மட்டும் கவனிக்கும் ‘சீட்டி’ போதும் என்று நிறுத்திக்கொண்டவர்களுக்கு யாரும் செய்ய மாட்டார்கள். நாமே உள்நுழைவு நிரலில் அந்தக் கோப்புறையை உருவாக்கி, உரிமையாளர் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி 0700 அனுமதி வைத்து, ‘எக்ஸ்டிஜி ரன்டைம் டைர்’ (இது மட்டும் பெரிய எழுத்துகளில், XDG_RUNTIME_DIR) என்ற சூழல் மாறியில் அந்த முகவரியை எழுத வேண்டும். இது இல்லாவிட்டால் சர்வர் ஓரிடத்தில் சாக்கெட் வைக்க, ஃப்ளாட்பேக் வேறிடத்தில் தேடும்.

2. சாதன அனுமதி. லாகின்டியோ இலாகின்டியோ இருந்தால், கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஒலிச் சாதனங்களைத் திறக்கும் உரிமையைத் தானே கொடுக்கும். இரண்டும் இல்லையென்றால் பயனரை ‘ஆடியோ’ குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் அது பலிக்கும்.

3. செஷன் பஸ். நிரல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் பொதுத் தடம் டி-பஸ். கோப்பு திறக்கும் பெட்டி, கேமரா, திரைப் பகிர்வு போன்றவற்றுக்கு சாண்ட்பாக்ஸ் செயலிகள் நம்பியிருக்கும் ‘போர்ட்டல்’ சேவை இதன்மேல்தான் ஓடுகிறது. விண்டோ மேனேஜரை ‘டிபஸ்-ரன்-செஷன்’ என்ற கட்டளைக்குள் வைத்துத் தொடங்கினால் அதற்குள் தொடங்கும் எல்லாமே ஒரே தடத்தில் இருக்கும். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக அந்தக் கட்டளையைப் போடுகிறவர்கள் உண்டு. அது ஒரே வீட்டில் ஆளுக்கொரு தெருவை உண்டாக்குவது போல. ஒருவர் சேதி மற்றவருக்குப் போகாது.

4. தொடங்கி வைப்பது. சிஸ்டம்டி அமைப்புகளில் பைப்வயர், வயர்ப்ளம்பர், பல்ஸ் பாலம் மூன்றையும் பயனர் சேவைகளாக அதுவே எழுப்பிவிடும்; நாம் தொகுப்பை நிறுவினால் போதும். டெபியன் 12 முதல் ‘பைப்வயர்-ஆடியோ’ என்ற ஒரே தொகுப்பு, தேவையானவற்றை ஒருசேர இழுத்து வந்துவிடுகிறது. மற்ற அமைப்புகளில் விண்டோ மேனேஜரின் தொடக்கக் கோப்பில் நாம் எழுத வேண்டும்: முதலில் பைப்வயர், அடுத்து வயர்ப்ளம்பர், அப்புறம் பல்ஸ் பாலம். வாய்டில் பைப்வயரின் அமைப்புக் கோப்புறையில் இரண்டு மாதிரிக் கோப்புகளை இணைத்துவிட்டால், பைப்வயர் ஒன்றைத் தொடங்கினாலே மற்ற இரண்டும் சேர்ந்து எழும்.

இவற்றைக் கணினி அளவிலான சேவையாக, ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயரில் ஓடவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. ரூட்டின் ரன்டைம் கோப்புறை வேறு, உங்களுடையது வேறு. மிக்சர் பக்கத்து ஊரில் ஓடிக்கொண்டிருக்கும், நம் ஊரில் சத்தம் வராது.

செல்லூர் லேப்டாப்பை அருகில் பார்ப்போம்

அது ஒரு டெபியன் மினிமல் நிறுவல். டெர்மினலில் வயர்ப்ளம்பரின் கட்டளையான ‘டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று அடித்தால் பைப்வயரோடு இணைய முடியவில்லை என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அதாவது மிக்சரே இல்லை. முன்பு கேட்ட ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சல் நேராக ஆல்சாவில் போனது. சாண்ட்பாக்ஸுக்குள் இருக்கும் பிளேயர் பல்ஸ் சாக்கெட்டைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல் சும்மா இருந்தது.

‘பைப்வயர்-ஆடியோ’ நிறுவி, வெளியேறி, மறுபடி உள்நுழைந்து அதே கட்டளையை அடித்தால் இப்போது மரம் போலக் கிளை பிரிந்த பட்டியல் வருகிறது. ‘ஆடியோ’ என்ற தலைப்பின் கீழ் நாலு பகுதிகள் முக்கியம். ‘டிவைசஸ்’ என்பது ஒலி அட்டைகள். ‘சிங்க்ஸ்’ ஒலி வெளியேறும் வாசல்கள். ‘சோர்சஸ்’ ஒலி உள்ளே வரும் வாசல்கள், அதாவது மைக். ‘ஸ்ட்ரீம்ஸ்’ இப்போது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள். பிளேயரைத் திறந்து வகுப்பை ஓட்டியதும் ஸ்ட்ரீம்ஸ் பகுதியில் அதன் பெயர் தோன்றுகிறது. நல்லது, சன்னல் ஒயர் வந்துவிட்டது.

ஆனாலும் சத்தமில்லை. இப்போது ‘சிங்க்ஸ்’ பகுதியைப் பார்க்க வேண்டும். இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று லேப்டாப் ஸ்பீக்கர், இன்னொன்று எச்டிஎம்ஐ. ஒரு வரியின் முன்னால் சின்ன நட்சத்திரக் குறி. அது எச்டிஎம்ஐ வரியில் இருக்கிறது. லேப்டாப் திரை சிறியது என்று வீட்டில் ஒரு பழைய மானிட்டரை எச்டிஎம்ஐ ஒயரில் மாட்டியிருக்கிறார்கள். அந்த மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது, பின்பக்கம் ஹெட்ஃபோன் துளை மட்டும் இருக்கிறது. அந்தத் துளை இருப்பதாலேயே ‘என்னிடம் ஒலி வசதி உண்டு’ என்று அது லேப்டாப்பிடம் சொல்லிக்கொள்கிறது. இயற்பியல் ஆசிரியர் அந்தத் துளைக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஸ்பீக்கர் வரியின் தொடக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்து, ‘டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட்’ என்று அடித்து அந்த எண்ணைக் கொடுத்தால் நட்சத்திரம் இடம் மாறுகிறது. பாடம் நடுவிலிருந்து கேட்கத் தொடங்குகிறது. வயர்ப்ளம்பர் இந்தத் தேர்வை நினைவில் வைத்துக்கொள்ளும்.

அறிகுறியைக் கொண்டு கண்ணியைக் கண்டுபிடித்தல்

எல்லா லேப்டாப்பும் இப்படி இரண்டே அடியில் முடியாது. கீழிருந்து மேலாக, அதாவது குழாயிலிருந்து சன்னல் வரை, வரிசையாகப் போவதுதான் நேரம் மிச்சப்படுத்தும் வழி. நடுவில் தாவினால் குழப்பம்தான் மிஞ்சும்.

1. ‘ஏபிளே’ கட்டளையைப் பட்டியல் தெரிவோடு அடித்துப் பாருங்கள். ஒலி அட்டையின் பெயர் வருகிறதா? ரூட்டாக அடித்தால் வருகிறது, உங்கள் பெயரில் வரவில்லை என்றால் சாதன அனுமதிப் பிரச்சினை. ரூட்டுக்கும் வரவில்லை என்றால் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) இல்லாமலிருக்கலாம். ஓரளவு புதிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றுக்கு ‘எஸ்ஓஎஃப்’ எனப்படும் ஒலி ஃபர்ம்வேர் தனியாக வேண்டும். மினிமல் நிறுவலில் அது விடுபட்டுப்போவது சகஜம். ‘டபிள்யூபிசிடிஎல்’ பட்டியலில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் தெரிந்தாலும் பொருள் இதுவே: மிக்சர் தயார், குழாயைக் காணோம்.

2. ‘ஆல்சாமிக்சர்’ திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஒலிக் கம்பத்தின் அடியிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் ‘எம்எம்’ என்று இருந்தால் அது ஊமையாக்கப்பட்டிருக்கிறது. எம் பொத்தானை அழுத்தினால் ‘00’ என்று மாறித் திறந்துகொள்ளும். அட்டை மாற்ற எஃப்6. கம்பம் முழு உயரத்தில் இருந்தும் அடியில் எம்எம் இருந்தால் சத்தம் வராது. பலர் கம்பத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

3. ‘டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்’. இணைய முடியவில்லை என்றால் பைப்வயர் ஓடவில்லை, அல்லது ரன்டைம் கோப்புறை சரியில்லை. இணைந்தும் ‘டிவைசஸ்’ காலியாக இருந்தால் முதலில் வயர்ப்ளம்பர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

4. ‘பேக்டிஎல் இன்ஃபோ’. சர்வர் பெயர் என்ற வரியில் ‘பல்ஸ்ஆடியோ’ என்றும் அதையொட்டி ‘பைப்வயர் மேல்’ என்ற பொருளிலும் வந்தால் பாலம் நன்றாக இருக்கிறது. இணைப்பு மறுக்கப்பட்டால் பாலம் இல்லை. இந்தக் கட்டளைக்காக முழுப் பல்ஸ்ஆடியோ சர்வரையும் நிறுவிவிடாதீர்கள். கருவிகள் மட்டும் தனித் தொகுப்பாகக் கிடைக்கும். இரண்டு சர்வர்கள் ஒரே அட்டைக்குப் போட்டியிட்டால், இன்றைக்கு வரும் சத்தம் நாளைக்கு வராது.

5. ‘ஃப்ளாட்பேக் இன்ஃபோ’ கட்டளையை அனுமதிகளைக் காட்டும் தெரிவோடு அடியுங்கள். சாக்கெட் பட்டியலில் பல்ஸ்ஆடியோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘ஃப்ளாட்பேக் ஓவர்ரைடு’ மூலம் அந்த ஒரு செயலிக்கு மட்டும் சேர்க்கலாம். சுட்டியால் செய்ய விரும்புபவர்களுக்கு ‘ஃப்ளாட்சீல்’ என்ற செயலி இருக்கிறது.

6. இத்தனையும் சரியாக இருந்தும் சத்தமில்லை என்றால் அறைக்குள்ளேயே நுழைந்து பாருங்கள். ‘ஃப்ளாட்பேக் ரன்’ கட்டளையில் செயலிக்குப் பதிலாகக் கட்டளை அடிக்கும் ஷெல்லைத் திறக்கச் சொல்லலாம். உள்ளே /ரன்/ஃப்ளாட்பேக்/பல்ஸ் கோப்புறையில் ‘நேட்டிவ்’ என்ற சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

புளூடூத் ஹெட்செட்டுக்கு மட்டும் சத்தம் வரவில்லை என்றால் அது வேறு கணக்கு. பைப்வயரின் புளூடூத் இணைப்புத் தொகுப்பும் டெபியனில் தனியாக இருக்கிறது. சத்தம் வருகிறது, ஆனால் கொரகொரவென்று உடைகிறது என்றால் கண்ணி எதுவும் அறுபடவில்லை. பழைய பிராசசருக்கு நேரம் போதவில்லை. பைப்வயர் இயல்பாக நொடிக்கு 48,000 மாதிரிகளை, ஒரு தவணைக்கு 1,024 வீதம் எடுக்கிறது. ஒரு தவணைக்குச் சுமார் 21 மில்லிநொடி. தவணையை 2,048 ஆக்கினால் பிராசசருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். படம் பார்ப்பவர்களுக்கு அந்தத் தாமதம் தெரியாது.

சுவரை இடிக்கும் வைத்தியங்கள்

சத்தம் வராத எரிச்சலில் பலரும் கையிலெடுக்கும் நாலு வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கணினியில் யாருக்கோ வேலை செய்திருக்கும், அதனால்தான் வாய்வழியாகப் பரவுகிறது.

1. செயலிக்கு எல்லாச் சாதனங்களையும் திறந்துவிடுவது. சத்தத்தோடு கேமராவும் மற்ற சாதனங்களும் சேர்ந்து போகும். ஒலிக்கு இது தேவையே இல்லை.

2. கணினியின் கோப்புகள் முழுவதையும் காட்டிவிடுவது. வீட்டுக் கணினியில் ஆதார் நகலும் வங்கிப் பதிவுகளும் ஒரே கோப்புறையில் கிடக்கும். ஒரு வீடியோ பிளேயருக்கு அவை ஏன் தெரிய வேண்டும்?

3. ஒலிச் சாதனக் கோப்புகளுக்கு 777 அனுமதி கொடுப்பது. அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் மைக்கைத் திறக்கலாம் என்று பொருள். அதோடு, மறுபடி கணினியைத் தொடங்கினால் அனுமதி பழையபடி ஆகிவிடும்.

4. சூடோ போட்டு, அதாவது ரூட் உரிமையில், ஃப்ளாட்பேக் செயலியை ஓட்டுவது. ரூட்டின் ரன்டைம் கோப்புறையில் உங்கள் சாக்கெட் இருக்காது. சத்தம் வராததோடு, அமைப்புக் கோப்புகள் சில ரூட் பெயரில் உருவாகி, அடுத்த முறை செயலி உங்களுக்கே திறக்காமல் போகலாம்.

சாண்ட்பாக்ஸ் வைத்ததே ஒரு செயலியின் தவறு மொத்த வீட்டையும் தொடாமல் இருக்கத்தான். ஒரு சன்னல் ஒயருக்காகச் சுவரை இடித்துவிட்டால், ஃப்ளாட்பேக்குக்காகக் கொடுத்த அத்தனை எம்பியும் வீண்.

சரிசெய்த பிறகும் சத்தம் வராமலிருப்பது ஏன்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், எல்லாம் சரியாகச் செய்தவர்களும் இந்த இடத்தில் மனம் உடைந்து திரும்புகிறார்கள். ஃப்ளாட்பேக் சாக்கெட்டைத் தேடுவது செயலி தொடங்கும் நொடியில் மட்டும்தான். ஒலி சர்வர் இல்லாத நேரத்தில் திறந்த செயலி, சர்வர் வந்த பிறகும் ஊமையாகவே இருக்கும். திரையில் அந்தச் செயலியின் விண்டோவை மூடி மறுபடி திறந்தால் போதாது. அரட்டைச் செயலிகள் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஃப்ளாட்பேக் பிஎஸ்’ அடித்து இன்னும் ஓடுகிறதா என்று பார்த்து, ‘ஃப்ளாட்பேக் கில்’ கொண்டு முழுக்க நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும்.

இதன் மறுபுறமும் உண்டு. சர்வரை இடையில் நிறுத்தித் தொடங்கினால், கையால் தொடங்கும் அமைப்புகளில் பழைய சாக்கெட் கோப்பு அழிந்து அதே பெயரில் புதியது பிறக்கும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அறைக்குள் பொருத்தியிருப்பது பழைய கோப்பை. அதன் மறுமுனையில் இப்போது யாரும் இல்லை. சிஸ்டம்டி அமைப்புகளில் சாக்கெட்டைச் சிஸ்டம்டியே கையில் வைத்திருப்பதால், சர்வர் மட்டும் போய் வந்தாலும் சாக்கெட் மாறாது. வாய்டிலோ ஆல்பைனிலோ ‘பைப்வயரை ரீஸ்டார்ட் பண்ணினேன், பிரவுசரில் வருகிறது, ஃப்ளாட்பேக்கில் மட்டும் வரவில்லை’ என்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது அந்தச் செயலியை நிறுத்தித் தொடங்குவது.

ஸ்பீக்கரோடு சேர்ந்து போகும் மைக்

ஃப்ளாட்பேக்கின் ஒலி அனுமதியில் ஒரு குறை இருக்கிறது. பல்ஸ்ஆடியோ சாக்கெட்டைக் கொடுத்தால் ஒலி வெளியே போகும் வழியும் மைக் உள்ளே வரும் வழியும் சேர்ந்தே கிடைக்கின்றன. பாட்டு மட்டும் கேட்கட்டும், மைக் வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல அந்த அனுமதியில் இடமில்லை. கேமராவுக்கு போர்ட்டல் வழியாக ‘அனுமதிக்கலாமா’ என்று கேட்கும் ஏற்பாடு இருக்கும்போது, மைக்குக்கும் அப்படி ஒரு கேள்வி வந்தாக வேண்டும். ஃப்ளாட்பேக் போன்றே செயலிகளைத் தரும் உபுண்டுவின் ஸ்னாப் இதை இரண்டாகப் பிரித்திருக்கிறது: ஒலிபரப்பும் அனுமதி தானாகக் கிடைக்கும், பதிவு செய்யும் அனுமதியைப் பயனர் தனியாகக் கொடுக்க வேண்டும். செயலி முழுவதும் ஒரே கோப்பாக வரும் ஆப்இமேஜ்களுக்கோ இயல்பாகச் சாண்ட்பாக்ஸே கிடையாது. அவற்றுக்கு எல்லாமே திறந்திருக்கிறது.

அதனால் ஃப்ளாட்பேக்கில் இரண்டு காரியம் செய்துகொள்ளலாம். ஒலியே தேவைப்படாத செயலிகளுக்கு, உதாரணமாகப் படத் தொகுப்பானுக்கோ கணக்கு ஏட்டுக்கோ, அந்த சாக்கெட் அனுமதி இருந்தால் ஓவர்ரைடு கொண்டு எடுத்துவிடுவது. மற்றது, மைக்கைச் சர்வரிலேயே ஊமையாக்கி வைப்பது. ‘டபிள்யூபிசிடிஎல் செட்-மியூட்’ கட்டளையை இயல்பு மைக்கின் மேல் போட்டால், சர்வர் வழியாகக் கேட்கும் எந்தச் செயலிக்கும் அந்த மைக் ஒலி தராது. விண்டோ மேனேஜரின் அமைப்பில் இதை ஒரு பொத்தானுக்குக் கட்டிவிடலாம்: ஒருமுறை அழுத்தினால் மூடும், மறுபடி அழுத்தினால் திறக்கும். ஆன்லைன் வகுப்பில் ‘உங்க குரல் கேக்கலையேம்மா, மைக் ஆன்ல இருக்கா?’ என்று ஆசிரியர் கேட்டால் அந்தப் பொத்தானை அழுத்தி, வகுப்பு முடிந்ததும் திரும்ப மூடிவிட வேண்டும்.